ஐந்தில் நான்கு வீடுகள்

எட்டு மணி விவாதம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது தணிகைவேலன் அதைச் சொன்னார்.

சுகிர்தா ஒரே கேள்வியை மூன்றாம் முறையாகக் கேட்டிருந்தாள். திறந்து ஓராண்டு ஆகாத பாலம் ஒன்று இடிந்து விழுந்திருந்தது. வேலை ஒழுங்காக முடிந்தது என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட்டவர் யார்? தணிகைவேலன் ஆளுங்கட்சியின் பேச்சாளர். முதல் முறை கேட்டபோது முந்தைய ஆட்சியைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் முறை மழையைப் பற்றி. மூன்றாம் முறை மேசைமேல் முழங்கையை ஊன்றி அவளைப் பார்த்தார்.

"வீட்டுல புருஷன்கிட்ட காட்ட வேண்டியதை எல்லாம் இங்க வந்து காட்டாதீங்க, நெறியாளர்."

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் தண்ணீர் குடித்தார். எதிர்க்கட்சிக்காரர் சிரிப்பை அடக்கினார். அடக்குவது தெரியட்டும் என்பதுபோல் அடக்கினார்.

சுகிர்தா பேனா மூடியால் மேசையை இரண்டு முறை தட்டினாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது. மூடி தட்டும்.

"கையெழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி. பதில் வரவில்லை என்று பதிவு செய்துகொள்கிறோம். வணக்கம்."

விளக்குகள் அணைந்தன. தணிகைவேலன் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டே கை கூப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சூட்டுல வர்றதுதான்."

"இதையே நாளைக்குக் கேமரா முன்னாடி சொல்லுங்க."

அவர் சிரித்தார். கார் வந்துவிட்டதா என்று உதவியாளரைக் கேட்டுக்கொண்டே போனார்.

செய்தி ஆசிரியர் கோதண்டராமனின் அறை மாடியில் இருந்தது. சுகிர்தா உள்ளே போனபோது அவர் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"வாம்மா. பிரமாதம். மூணு தடவை கேட்ட பாரு, அதுதான் விஷயம். ஆள் திணறிட்டான்."

"அவர் மன்னிப்பு கேக்கணும் சார். ஒளிபரப்புல."

"எதுக்கு?"

"நீங்க பாக்கலையா?"

"முழுசாப் பாத்தேனே."

தணிகைவேலன் சொன்னதை அவள் சொன்னாள். கோதண்டராமன் சப்பாத்தியைக் கீழே வைத்தார். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார்.

திரையில் இளங்கதிர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. காதோரம் நரை. முழுக்கை வெள்ளைச் சட்டை. கனமான குரலில் மூன்றாம் முறையாகக் கேள்வியைக் கேட்டார். தணிகைவேலன் முழங்கையை ஊன்றினார்.

"இதை எல்லாம் இங்க வந்து காட்டாதீங்க, நெறியாளர்."

இளங்கதிர் பேனா மூடியால் மேசையை இரண்டு முறை தட்டினார்.

கோதண்டராமன் ரிமோட்டை வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"அது தானா செட் ஆகுதும்மா. நான் ஒண்ணும் மாத்தல."

"தெரியும் சார்."

இளங்கதிர் என்று யாரும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் சட்டம் வந்தது. ஒவ்வொரு செய்தி நிலையத்திலும் வாசிப்பு நேரத்தில் பாதி பெண்களுக்கு. அதுவரை 'தளம் செய்திகள்' நிலையத்தில் சுகிர்தாவுக்குக் கிடைத்தது காலை வானிலையும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவும். விவாதம் நடத்திய நான்கு பேரும் ஆண்கள். சட்டத்துக்குப் பிறகு எட்டு மணி அவளுக்கு வந்தது. ஆறு மாதம் அவள் முகம் எல்லா வீடுகளிலும் தெரிந்தது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள். எல்லா நிலையங்களிலும் குறைந்தார்கள்.

பிறகு பூச்சு வந்தது. அதற்கு நீளமான ஒரு வணிகப் பெயர் உண்டு. நிலையத்தில் எல்லோரும் பூச்சு என்றார்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் சிறிய கண் பார்ப்பவரின் கண்ணைப் பார்க்கும். எந்த முகத்தில் பார்வை நிற்கிறது, எந்தக் குரலுக்குக் கை ரிமோட்டைத் தேடுகிறது என்று கற்றுக்கொள்ளும். அந்த வீட்டுக்கு ஏற்ற முகத்தையும் குரலையும் பெயரையும் அந்தப் பெட்டியே வரைந்துவிடும். பெரும்பாலான பெட்டிகள் எட்டு மணிக்கு ஒரே ஆளைத்தான் வரைந்தன: இளங்கதிர். யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள்.

விருந்தினர்கள் 'சார்' என்பதா 'மேடம்' என்பதா என்று தடுமாறக்கூடாது என்பதால் எல்லோரும் நெறியாளர் என்றே அழைக்க வேண்டும் என்று நிலையம் விதி வைத்தது. திரையின் மூலையில் 'தோற்றம் மாறக்கூடும்' என்று ஒரு சிறிய வரி ஓடியது. சிகரெட் எச்சரிக்கையைப் போல அதுவும் இருந்தது.

சட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையம் அரங்கில் உட்காருபவர்களை எண்ணியது. வீட்டில் தெரிபவர்களை எண்ணவில்லை. பெண்களுக்குச் சம்பளம் குறைவு. அதனால் அவர்களின் பங்கு பாதியைத் தாண்டி முக்காலாகிவிட்டது. அதற்காக நிலையம் வாங்கிய விருது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒப்பனை அறையை மூடிவிட்டார்கள். சுகிர்தா பருத்திச் சுடிதாரில் வந்து அப்படியே நாற்காலியில் உட்காருவாள். அவளை அவளாகவே காட்டும் வீடுகளிலும் அவளுக்குப் பட்டுப்புடவை. முப்பது வயது.

அவளுக்கு நாற்பத்தொன்று.

பூச்சைக் கவனித்துக்கொண்டவள் பர்வீன். கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால், ஏசி அதிகமான ஒரு சின்ன அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுகிர்தா அங்கே போய் நின்றாள்.

"எத்தனை வீட்டுல நான் வர்றேன்?"

"எட்டு மணிக்கா? அஞ்சுல ஒண்ணு அக்கா."

"மிச்சம் எல்லாம்?"

"அவர்தான்."

"அங்க எல்லாம் தணிகைவேலன் பேசினதைப் பெட்டி வெட்டிருச்சு."

"வெட்டணும்னு யாரும் எழுதி வைக்கலக்கா. முகத்துக்குப் பொருந்தாத வார்த்தை வந்தா பெட்டி அதை எடுத்துடும். ஆம்பளை முகத்தைப் பாத்துப் புருஷன்னு சொன்னா பொருந்தாதுல்ல."

"அதனால அவன் சொல்லவே இல்லைன்னு ஆயிருச்சு."

"அஞ்சுல நாலு வீட்டுல அப்படித்தான்."

 பர்வீன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. காலையில கோலப்போட்டி நடத்தறது யாரு? நம்ம டேவிட். அஞ்சுல நாலு வீட்டுல அவன் புடவை கட்டிக்கிட்டு வர்றான். நேத்து ஒரு வீட்டுல அவனுக்கு ஒட்டியாணம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது."

சுகிர்தா சிரிக்கவில்லை. டீ ஆறும்வரை நின்றிருந்தாள்.

மறுநாள் தணிகைவேலன் கட்சி அலுவலக வாசலில் நிருபர்களிடம் பேசினார். அவர் பேச்சில் வருத்தமும் இருந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க. வீட்டுக்கு வீடு பாத்தாங்கல்ல. போய்க் கேளுங்க."

நிருபர்கள் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. மக்களே சொன்னார்கள். ஒரு மகளிர் விடுதியிலிருந்து யாரோ பதிவு செய்த காட்சி போனில் பரவியது. அதில் பட்டுப்புடவையில் சுகிர்தா இருந்தாள். தணிகைவேலன் முழு வாக்கியத்தையும் சொன்னார். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அந்த விவாதத்தை நடத்தியவர் இளங்கதிர் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் பெண் யார்? ஆளை மாற்றி, குரலை ஒட்டி, பொய்க் காட்சி செய்திருக்கிறார்கள். இளங்கதிரிடம் எவனாவது புருஷனைப் பற்றிப் பேசுவானா?

மதியத்துக்குள் இளங்கதிரின் கழுத்தில் தாலி வைத்துப் படங்கள் வந்துவிட்டன. 'மாப்பிள்ளை யாரு?' என்று அவற்றின் கீழ் எழுதியிருந்தது.

மாலையில் சுகிர்தா வீட்டுக்குப் பக்கத்தில் காய்கறி வாங்கினாள். கடையில் ஒரு டிவி இருந்தது. முந்தைய நாள் விவாதம் மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா கத்தரிக்காயை எடை போட்டுக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"இந்தாளு நல்லாக் கேக்குறான்மா. மீதி எல்லாம் வாயில கொழுக்கட்டை வச்சிக்கினு உக்காந்துருக்கும்."

"பொம்பளைங்க யாரும் இப்படிக் கேக்கறதில்லையா?"

"கேப்பாளுங்க. காச்சு மூச்சுன்னு கத்துவாளுங்க. காது வலிக்கும்." அம்மா திரையைக் காட்டினாள். "இவன் பாரு. குரலே ஏத்தல. மூடியைத் தட்டறான், அவ்ளோதான். அதுக்கே அவன் அடங்கிட்டான்."

சுகிர்தா கத்தரிக்காயை வாங்கிக்கொண்டாள்.

"கறிவேப்பிலை வேணாமாம்மா?"

"வேண்டாம்."

ஒளிபரப்புச் சமநிலை ஆணையத்தில் அவளுடைய மனுவை விசாரித்தவர் பத்மாசனி. ஐம்பது வயதைத் தாண்டியவர். சுகிர்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுல உங்களைத்தான் பாக்கறோம். நானும் என் பொண்ணும். எட்டு மணின்னா குக்கரைக்கூட நிறுத்திடுவோம்." கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நேர்ல களைச்சாப்ல இருக்கீங்க."

"இதுதான் மேடம் என் முகம்."

"உக்காருங்க. அந்த ஆள் சொன்னதை நான் என் காதால கேட்டேன். என் பொண்ணு அழுதுட்டா."

சுகிர்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நீங்க சாட்சி."

"வீட்டுல பாத்ததை நான் இங்க சாட்சியாச் சொல்ல முடியாது. சரி, மனுவுக்கு வருவோம். உங்க நிலையத்துல பெண்களோட பங்கு முக்கால். சட்டம் கேக்கறது பாதி. நான் எதை மீறல்னு எழுதறது?"

"அஞ்சுல நாலு வீட்டுல நான் இல்லையே மேடம்."

"அங்க நீங்க வேணாம்னுதானே பெட்டி முடிவு பண்ணுது. பாக்கறவங்க விருப்பத்துல சட்டம் தலையிடாது."

"சட்டமே அந்த விருப்பத்தை மாத்தத்தானே வந்துச்சு."

பத்மாசனி பேனாவை உருட்டினார்.

"யோசிச்சுப் பாருங்க. பெண் வாசிக்கணும்னு நினைக்கிற வீட்டுல பெண் வாசிக்கறா. வேண்டாம்கிற வீட்டுல ஆண். இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு ஒரு புகார்கூட வரல. உங்க புகார்தான் முதல்."

"கோவப்பட வேண்டியவங்க வீட்டுல எல்லாம் என்னைக் காட்டிடுதே மேடம். அப்புறம் யாரு புகார் கொடுப்பா?"

பத்மாசனி பேனாவைக் கீழே வைத்தார். வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். அடுத்த மனு.

"உத்தரவு போட எனக்கு வழி இல்ல. உங்க ஆசிரியர்கிட்ட போன்ல பேசறேன். வேண்டுகோளாத்தான். அவ்வளவுதான் என்னால முடியும்."

சுகிர்தா எழுந்தாள். வாசல்வரை வந்த பத்மாசனி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மாம்பழக் கலர் புடவை எங்க எடுத்தீங்க? என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

கோதண்டராமன் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, விவாதத்துக்கு முன் நான்கு நிமிடம். பூச்சு இல்லாமல். எல்லா வீடுகளுக்கும் சுகிர்தாவின் முகம்.

"நாலு நிமிஷம் ஆள் குறைஞ்சா பரவாயில்ல," என்றார். "ஆனா ஒண்ணு. அழக்கூடாது."

"எப்ப சார் அழுதிருக்கேன்?"

"பொதுவாச் சொன்னேன்மா."

அவள் பர்வீனின் அறையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியை 'நான்' என்று தொடங்கினாள். அடித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அடித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு வெள்ளச் செய்தியில் 'நான் பார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கோதண்டராமன் அன்று செய்திப் பிரிவில் இருந்தார். அந்த வரியை வெட்டிவிட்டு, செய்தி வாசிப்பவர் செய்தியாகக் கூடாது என்றார். அன்றிலிருந்து ஒளிபரப்பில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னதே இல்லை. அவள் மட்டுமல்ல. அங்கே யாரும் சொல்வதில்லை.

அதனால் செய்தியாகவே எழுதினாள்.

தளம் செய்திகள் நிலையத்தின் நெறியாளர் சுகிர்தா, கடந்த திங்கட்கிழமை நேரலை விவாதத்தில் அவமதிக்கப்பட்டார். பாலத்துக்குச் சான்றளித்தவர் யார் என்று அவர் மூன்று முறை கேட்டார். பதிலுக்கு ஆளுங்கட்சிப் பேச்சாளர் தணிகைவேலன், நெறியாளரின் குடும்ப வாழ்வை இழிவாகக் குறிப்பிட்டார். அந்தச் சொற்கள் உங்களில் பெரும்பாலானோரை வந்தடையவில்லை. அவை சொல்லப்பட்டவை. மூலப்பதிவு நிலையத்தில் இருக்கிறது.

இப்படி ஒரு பக்கம். அழுகை இல்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கடைசி வரி இது:

அந்த நெறியாளர் இப்போது உங்கள் முன் அமர்ந்திருக்கிறார்.

பர்வீன் படித்தாள்.

"நான்னு ஒரு இடத்துலகூட இல்லையேக்கா."

"கடைசி வரிதான் நான். அது போதும்."

"சரி." பர்வீன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் ஆஃப் பண்ணிடுவேன். ஆனா சுவிட்ச்தான் இங்க இருக்கு. முகம் அவங்கவங்க வீட்டுப் பெட்டியில இருக்கு. எல்லாப் பெட்டியும் கேக்கும்னுதான் கம்பெனிக்காரன் சொல்றான்."

"கேக்கும்ல?"

"இதுவரைக்கும் நாம ஆஃப் பண்ணிப் பாத்ததில்லக்கா."

வெள்ளிக்கிழமை சுகிர்தா தலையை மட்டும் வாரிக்கொண்டாள். பருத்திச் சுடிதார். காதோரம் நரை. கட்டுப்பாட்டு அறையின் எல்லாத் திரைகளிலும் அந்த முகமே இருந்தது. அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கடைசி வரிக்கு முன் தாளைக் கவிழ்த்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

முடிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். டேவிட் அவசரமாக உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். 

மறுநாள் காலையில் நாகர்கோவிலிலிருந்து அண்ணன் மனைவி கூப்பிட்டாள்.

"நேத்து பாத்தோம் பிள்ள. வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம். உங்க அண்ணன் டிவியை அணைச்சிட்டு வெளிய போய் நின்னாரு."

"பாத்தீங்களா மைனி?" சுகிர்தா கட்டிலில் உட்கார்ந்தாள். "நிஜமாவே பாத்தீங்களா?"

"பின்ன? அந்த இளங்கதிரு உனக்காண்டி என்னமா பேசுனாரு. கூட வேலை பாக்குற பிள்ளைக்காக எந்த ஆம்பிளை இப்படிப் பேசுவான் சொல்லு. அவருக்கு ஒரு நன்றி சொன்னியா?"

சுகிர்தா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"மைனி, அது நான்தான். முன்னயே சொல்லிருக்கேன்ல."

"ஆமா, ஏதோ பெட்டின்னு சொன்ன. அது எனக்கு வெளங்கல. எதுவா இருந்தா என்ன, நல்ல மனுசன் பிள்ள அவரு. நன்றி சொல்லிரு."

விடுமுறை நாள். பர்வீன் அலுவலகத்தில்தான் இருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"அஞ்சுல ஒரு வீட்டுப் பெட்டி கேட்டுச்சுக்கா. அதுங்க எப்பவும் உங்களைத்தான் காட்டும். மிச்சத்துல முகம் மாறினா ஆள் சேனலை மாத்திடுவான்னு பெட்டிக்குத் தெரியும். அதனால மாத்தல."

"நான் வாசிச்சதை என்ன பண்ணுச்சு?"

"அதுதான்..." பர்வீன் திரையைத் திருப்பினாள். "ஒரு வார்த்தையைக்கூட மாத்தலக்கா. மாத்த வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு."

இளங்கதிர் வாசித்தார். நெறியாளர் சுகிர்தா அவமதிக்கப்பட்டார். அவர் மூன்று முறை கேட்டார். நிறுத்தி நிறுத்தி, குரல் ஏறாமல். கேட்க நன்றாக இருந்தது. தொழில் தெரிந்தவளாக அதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த விவாதம், அதை நடத்தியது யார் என்ற குழப்பமும் வராது. திங்கட்கிழமை பாலத்தைப் பற்றி நிலையத்தில் விவாதங்கள் பல. அதில் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியில் அவர் தாளைக் கவிழ்த்தார். நிமிர்ந்தார். உதடு அசையவில்லை. தலையை மெல்லக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதுபோல் இருந்தது.

"கடைசி வரி மட்டும் பொருந்தல," என்றாள் பர்வீன். "அதை எடுத்துட்டு இதைப் போட்டிருக்கு."

சுகிர்தா மறுபடி ஓட்டச் சொன்னாள். அவர் மறுபடி தலை குனிந்தார்.

"இந்த இடத்துலதான் எல்லாரும் அழுதிருக்காங்கக்கா. அந்தத் தாலிப் படம் போட்டவன்கூட மன்னிப்பு எழுதிருக்கான். ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்னு."

திங்கட்கிழமை தணிகைவேலன் தானாகவே அரங்குக்கு வந்தார். சால்வை கொண்டுவந்திருந்தார். சுகிர்தாவின் எதிரில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கேமராவின் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது தவறு. முழு மனசோட மன்னிப்பு கேட்டுக்கறேன். ஒரு சகோதரிக்காகத் தம்பி இளங்கதிர் குரல் கொடுத்தார். அவரை மாதிரி ஆம்பளைங்க இருக்கிற வரைக்கும் இந்த நாட்டுல பெண்களுக்குக் குறையில்லை."

விதியை மறந்து அவர் பெயரைச் சொன்னதில் பெட்டிகளுக்குச் சிரமம் இருக்கவில்லை. சுகிர்தா தெரியும் வீடுகளில் அவர் சகோதரி சுகிர்தாவிடம் மன்னிப்பு கேட்டார். மற்ற வீடுகளில் தம்பி இளங்கதிரைப் பாராட்டினார். எல்லோருக்கும் நிறைவாக இருந்தது. பத்மாசனியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'நீதி கிடைத்துவிட்டது. என் பொண்ணு துள்ளிக் குதிக்கிறாள்.'

பாலத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. சுகிர்தா கேட்டாள். தணிகைவேலன் நல்ல நாளில் எதற்கு என்றார்.

அந்த வாரமே ஒரு பெண்கள் கல்லூரியின் முதல்வர் கோதண்டராமனுக்குப் பேசினார். பெண்களின் கண்ணியத்துக்காகக் குரல் கொடுத்த இளங்கதிருக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். திரையில் தோன்றி ஏற்புரை சொன்னால் போதும். கோதண்டராமன் போனை ஸ்பீக்கரில் போட்டு சுகிர்தாவிடம் நீட்டினார்.

"மேடம், அவர் நிஜத்துல இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மூலையில எழுதி வருதே." முதல்வரின் குரல் கனிவாக இருந்தது. "இருந்தாலும் எங்க பொண்ணுங்களுக்கு ஒரு நல்ல ஆம்பளையைக் காட்டணும்ல. கண்ணு முன்னாடி வேற எங்க இருக்கான்?"

"அதைப் பேசினது நான்தான் மேடம். நான் நேர்லயே வர்றேன்."

"நீங்களா? ஐயோ, உங்களுக்கு நடந்தது ரொம்பக் கொடுமைம்மா. நீங்க ஓய்வெடுங்க."

போன் முடிந்தது. கோதண்டராமன் அவளைப் பார்க்காமல் பேசினார்.

"பேச வேண்டியது நீதான். உனக்கு இஷ்டம் இல்லைன்னா டேவிட்டை உக்கார வைக்கறேன். அவனும் நல்லாத்தான் பேசுவான்."

"டேவிட்டா?"

"அவனுக்கும் குரல் ஏறாதும்மா."

சுகிர்தா ஒரு நாள் யோசித்தாள். பிறகு தானே உட்காருவதாகச் சொன்னாள். ஏன் என்று கோதண்டராமன் கேட்கவில்லை. அவளிடமும் சொல்லும்படியான காரணம் இல்லை. அந்த முகத்துக்குப் பின்னால் வேறொருவரை உட்கார வைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

விழா காலையில். அரங்கில் ஒரு கேமரா மட்டும். எதிரே ஒரு திரையில் கல்லூரி மண்டபம் தெரிந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள். மேடையின் பின்னால் இளங்கதிரின் பெரிய படம். ஒரு மாணவி அவரைப் பற்றிக் கட்டுரை வாசித்தாள். குரலை உயர்த்தாமலே உண்மையைக் கேட்க முடியும் என்று அவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். தானும் செய்தி வாசிப்பாளர் ஆக விரும்புவதாகச் சொன்னாள். மண்டபம் கை தட்டியது.

சுகிர்தா தாள் எதுவும் கொண்டுவரவில்லை. காதுக் கருவியில் பர்வீன் இருந்தாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் அக்கா. அந்தப் பொண்ணு இறங்கினதும் நீங்க."

"நான் நான்னு பேசினா?"

"அது அவரோட நான் ஆயிடும்."

"என் பேரைச் சொன்னா?"

"உங்களைப் பத்திப் பேசறார்னு எடுத்துக்குவாங்க."

"பேசாமலே இருந்தா?"

"ரெண்டு நிமிஷம் வரைக்கும் உணர்ச்சிவசப்பட்ட மாதிரி தலை குனிஞ்சிருப்பார். அப்புறம் கும்பிட்டு நன்றி சொல்லிடுவார்."

"எழுந்து போயிட்டா?"

"நாற்காலி காலியா இருந்தாலும் அவர் உக்காந்திருப்பார்க்கா."

மண்டபத்தில் மாணவி மேடையிலிருந்து இறங்கினாள். முதல்வர் மைக்கைச் சரிசெய்து பெயரை அறிவித்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். கை தட்டல் நிற்கவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. சுகிர்தா பேனா மூடியைத் தேடினாள். பேனாவும் கொண்டுவரவில்லை.

"அக்கா, எல்லாரும் உங்களைத்தான்... அவரைத்தான் பாக்கறாங்க," என்றாள் பர்வீன். "என்ன சொல்லப் போறீங்க?"